கடன் கொப்பியின் அறம்

1970களில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிற் சிறுவராயிருந்தோரின் நினைவுகளில் ஒழுங்கை முகப்பிலிருந்த கடைக்குத் தனியிடமுண்டு. தாயார் சொல்லியனுப்பியதை மறவாதிருக்க வாய்க்குள் முணுமுணுத்தபடி ஓடுதல், மண்ணெண்ணெய்ப் போத்தலின் கழுத்திற் கட்டிய கயிற்றை விரலிற் சுற்றிக்கொள்ளுதல், பழைய பத்திரிகைத் தாளிற் கட்டிய சீனிச் சரை, கால் இறாத்தற் பருப்பு. யாவற்றுக்கும் மேலாக, 'அம்மா கொப்பியிலை எழுதச் சொன்னவ' என்னும் ஒரு வாக்கியம். காசின்றிப் பொருள் பெறுவதற்கு அதுவே போதுமாயிருந்தது.

இந்நினைவுகளை மீட்போர் பெரும்பாலும் ஒரு முடிவுக்கு விரைகின்றனர்: அன்று வாணிபத்தில் அன்பிருந்தது, இன்று அது இல்லை. இம்முடிவு ஆராயத்தக்கது.

வாங்குபவர் தாமே பொருளை எடுத்துவரும் முறை, 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிற் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பார் தொடங்கிய பிக்லி விக்லி கடையினாற் பெயர் பெற்றது. கொழும்பில் 1983இற் கார்கில்ஸ் நிறுவனம் தன் முதற் சுப்பர் மார்க்கெற்றைத் திறந்தது. வடபுலத்தில் 2009இல் யுத்தம் முடிந்த பின்னரே இத்தகைய பேரங்காடிகள் பெருகின. அங்கு விலை முன்னரே குறிக்கப்பட்டுள்ளது. வருபவர் யாருடைய பிள்ளையென எவரும் வினவுவதில்லை.

வினவாமை குறைதானா? பயன் கருதிய நட்பை அரிஸ்டோட்டில் இருவகைப்படுத்துவார். நிபந்தனை வெளிப்படையாகப் பேசப்பட்டது ஒன்று; அதிற் கடன் ஐயத்துக்கிடமின்றித் தெளிவானது. நண்பனுக்குக் கொடுப்பதுபோற் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ஈடானதையோ அதனிற் கூடியதையோ எதிர்பார்ப்பது மற்றது. கடன் கொப்பி இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. அதிற் பெயர் இடம்பெறுவதற்குத் தந்தையின் உத்தியோகமும் குடும்பத்தின் நிலையும், சொல்லத் தயங்கினும், சாதியும் கணக்கிலெடுக்கப்பட்டன. 'முதல் பழைய கணக்கை முடிக்கச் சொல்லு' எனப் பலர் முன்னிலையிற் கேட்டு வெறுங்கையுடன் திரும்பிய பிள்ளைக்கும் நினைவுண்டு. நினைவுக் கட்டுரைகளில் அது இடம்பெறுவதுதான் அரிது.

1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை வந்து, சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரியனவானபோது இவ்வினா கூர்மையுற்றது. தெரிந்தவருக்கென ஒரு சவர்க்காரக் கட்டியை உள்ளே ஒதுக்கிவைத்தல் அவருக்கு அன்பு. வெளியே காத்து நிற்கும் அந்நியருக்கோ அநீதி. வணிகரின் அறத்தை வள்ளுவர் அன்புடைமையில் வையாது நடுவுநிலைமை அதிகாரத்திலே வைத்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. அவ்வளவிற்குப் பேரங்காடியின் முகமறியாமை வள்ளுவருக்கு அணித்தேயாகும்.

ஆயினும், பேரங்காடி எல்லோரையும் சமமாக நடத்துவது எல்லோரையும் சமமாக ஐயுறுவதன் மூலமே. கூரையிற் கமராவும் வாயிலிற் காவலரும் அதற்குச் சான்று. ஏழு வயதுச் சிறுவனொருவன் மிச்சக் காசை உள்ளங்கையிற் பொத்திக்கொண்டு வீடு திரும்பியபோது, கடைக்காரரும் தாயாரும் அவனிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருந்தனர். பேரங்காடியில் தாயாரின் தள்ளுவண்டியைப் பற்றியபடி நடக்கும் பிள்ளையிடம் எவரும் எதையும் ஒப்படைப்பதில்லை. அப்பிள்ளை நேர்மையற்றதென்பதன்று, நேர்மையைப் பயில அதற்கு அங்கு இடமில்லை. பழைய கடையைப் பற்றிய ஏக்கத்தில் நியாயமான பகுதி இதுவேயெனலாம்.

சிறுகடைகள் அழிந்துவிடவில்லை, கொப்பியும் அவற்றில் இன்னும் உண்டு. சம்பளம் பெறும் குடும்பங்கள் சில மாதத்தின் முதல் வாரத்திற் பேரங்காடியிற் கைக்காசு கொடுத்து வாங்குகின்றன. இறுதி வாரத்திற் கையிருப்புக் குறைந்ததும் ஒழுங்கைக் கடையிற் பெயரெழுதச் சொல்கின்றன. மொத்த வியாபாரிக்குத் தாம் செலுத்த வேண்டிய காசை அக்கடைக்காரர் தேடி அலைவதும் அதே வாரத்திலேதான்.