கோட்டைவாசல் வழி

நெய்த்தேங்காய்க்கு நெய் மெதுவாகத்தான் இறங்கும். நாரெல்லாம் போக மழமழவென்று தேய்த்த தேங்காய்; இளகிய கண்ணைக் குடைந்து தண்ணீரை வடித்தாயிற்று. உருக்கிய நெய்யைக் கொஞ்சம் விட்டால் உள்ளிருந்து ஒரு குமிழ் மேலே வந்து உடைகிறது. அது உடைந்த பிறகுதான் அடுத்த சொட்டுக்கு இடம். என் கை அவசரப்பட்டது. விளிம்பில் வழிந்தது.

“சரணம் சொல்லிக்கிட்டே ஊத்துங்க சாமி. அதுவா எடுத்துக்கும்” என்றார் குருசாமி.

தக்கை வைத்து அடைத்து இருமுடியின் முன்முடியில் வைத்தோம். முன்முடியில் இருப்பது சாமிக்கு. பின்முடியில் இருப்பது வழிக்கு: அரிசி, பருப்பு, கொஞ்சம் வெல்லம். வீட்டில் ஒவ்வொருவரும் வந்து மூன்று பிடி அரிசி போட்டார்கள். அம்மாவின் பிடி சிறியதாகிவிட்டிருந்தது. விரல் மூடுவதற்குள் பாதி அரிசி தட்டிலேயே விழுந்தது. அதையும் பொறுக்கி எடுத்துப் போட்டாள்.

*

தென்காசி காசி விசுவநாதர் கோயில் வாசலிலிருந்து சபரிமலைக்குப் புறப்பட்டோம். பதினோரு பேர். ஏழு நாள் நடை. எல்லோருக்கும் ஒரே பெயர், சாமி. ஒன்பது வயதுப் பையன் ஒருவன், கன்னிச்சாமி. அவனையும் குருசாமி ‘வாங்க, போங்க’ என்றே கூப்பிட்டார். மாலை போட்ட நாளிலிருந்து அப்படித்தான். தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பெரியவர் ஒருவரிடமிருந்து மரியாதை வாங்கும் குழந்தையின் முகத்தை அருகில் இருந்து பார்க்க வேண்டும். அவன் முதுகு நிமிர்ந்துவிட்டது.

இந்தக் கோயிலின் கோபுரவாசலில் காற்று எதிரே நின்று தள்ளும். பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய கோயில். மேற்கே மலையில் ஒரு வாய் திறந்திருக்கிறது, அதன் வழியாக வரும் காற்று இது. நாங்கள் போகவேண்டிய இடமும் அந்த வாய்தான். காற்று வந்த வழியே திரும்பிப் போகிறோம் என்று குறித்துக்கொண்டேன்.

*

பிரானூர் பார்டர். பஸ்ஸில் நூறு முறை இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன். நடக்கும்போதுதான் அந்தச் சொல் உறைத்தது. இங்கே இப்போது எந்த எல்லையும் இல்லை. 1956 நவம்பர் 1 வரை இருந்தது. அதுவரை செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும் பின்பு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அன்று தாலுகாவின் கிழக்குப் பகுதி தமிழ்நாட்டுக்கு வந்தது. மலைக்காட்டுப் பகுதி கேரளத்தோடு நின்றது. எல்லை போய் ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. பெயர் மட்டும் நகரவில்லை.

பார்டரில் சாலையோரம் நெடுக மரக்கடைகளும் அறுவை மில்களும். எங்கள் குருசாமி முப்பது வருடம் ஒரு மில்லில் வாள் பிடித்தவர். மரத்தூள் வாசனை வந்ததும் கண்ணை மூடி, “இது தேக்கு. அதுக்குப் பின்னாடி அயினி கிடக்கு” என்றார். எட்டிப் பார்த்தேன், அப்படியே இருந்தது.

பிறகு செங்கோட்டையின் அந்தப் பழைய வாயில். துவாரபாலகர்கள் நிற்கிறார்கள். மேலே திருவிதாங்கூரின் சங்கு. அரசு போய்விட்டது, சங்கு இருக்கிறது. அதன் கீழே ஆட்டோக்களும் ஐயப்பமார்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகிறார்கள். 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் இந்த ஊர்க்காரன். அவனும் இதன் கீழே நடந்திருப்பான் என்று தோன்றியது. ஒரு கணம் நின்றேன். பின்னால் வந்த குருசாமி எதுவும் சொல்லாமல் அவரும் நின்றார்.

அப்போதுதான் கவனித்தேன், அவர் எப்போதும் கடைசியில்தான் நடக்கிறார்.

*

எல்லை என்றதும் வேறொரு எல்லை நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122-ல் கட்டத் தொடங்கிய சுவர் ஒன்று உண்டு. இன்று அதை ஒட்டி ஏறத்தாழ 135 கிலோமீட்டருக்கு நடைபாதை. 2003-ல் திறந்தார்கள். உலகெங்கிலுமிருந்து வந்து வழிகாட்டியோடு ஒரு வாரம் நடக்கிறார்கள். பெட்டிகளை வண்டி அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய் வைத்துவிடும். படித்தபோது அந்தப் பாதையில் நடக்க ஆசைப்பட்டேன், இன்னும் ஆசை இருக்கிறது. ஒரு பேரரசு தன் விளிம்பில் எழுப்பிய சுவரை ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடம் கழித்து யாரோ தொட்டுப் பார்ப்பது நல்ல விஷயம்.

நமக்குச் சுவராக இருந்தது மலை. வாசலும் அதிலேயே இருந்தது. பாண்டிநாட்டுப் பொதியும் கொல்லத்துச் சரக்கும் அந்த வாசல் வழியாகத்தான் மாறிக்கொண்டன. மூட்டையை நம் தலையிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறோம், அது ஒன்றுதான் வித்தியாசம். இரண்டாம் நாள் கழுத்து வலிக்கிறது. மூன்றாம் நாள் பின்முடி கொஞ்சம் இளைக்கிறது.

*

புளியரையில் தங்கினோம். விடியற்காலை மூன்று மணிக்கு ஏற்றம். எஸ் வளைவு என்று இங்கே எல்லோரும் சொல்லும் அந்தத் திருப்பங்கள். நடைபாதை கிடையாது, தாரும் வெள்ளைக் கோடும், அதற்கு அப்புறம் பள்ளமும்தான். தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குக் காய்கறியும் வைக்கோலும் போகும் நேரம் அது.

ஒரு திருப்பத்தில் வைக்கோல் லாரி எங்களை ஒட்டியது. முழு வெளிச்சம். கண்ணுக்குள் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. கன்னிச்சாமியின் கையைப் பிடிக்கத் துழாவினேன், கிடைக்கவில்லை. யாரோ எனக்கும் சாலைக்கும் நடுவில் வந்து நிற்பது மட்டும் தெரிந்தது. வண்டி போனபின் பார்த்தால் குருசாமி சாலைப்பக்கம் நிற்கிறார், பையன் அவர் உட்புறம், அவர் வேட்டியைப் பிடித்தபடி. பையனின் இருமுடி மேல் இரண்டு மூன்று வைக்கோல் இழை.

“சாமியே” என்றார். பதினோரு குரலில் “சரணம் ஐயப்பா” என்றோம். என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது.

மேலே கோட்டைவாசல் கருப்பசாமி. தேங்காய் உடைத்தோம். காவல் தெய்வம் என்று சிறுவயதில் சொல்லிக் கேட்டது வேறு, அந்த வளைவைத் தாண்டிவந்து அவர் முன்னால் நிற்பது வேறு. சபரிமலையில் பதினெட்டுப் படிக்குக் காவலாக நிற்பவரும் கருப்பசாமிதான். புறப்படும் வாசலிலும் போய்ச் சேரும் வாசலிலும் ஒருவரே நிற்கிறார்.

*

கேரளச் சோதனைச் சாவடி. ஒரு குறுக்குக் கம்பம், ஒரு பல்பு. போலீஸ்காரர் ஒருவர் மலையாளத்தில் “எவிடுந்நா சாமி?” என்றார். “தென்காசி” என்றோம். தலையாட்டினார். எல்லை அவ்வளவுதான்.

இந்த எல்லையைச் சாமியே கடக்கிறார். மார்கழித் திருவிழாவுக்காக அச்சன்கோவில் ஐயப்பனின் ஆபரணப் பெட்டி புனலூரிலிருந்து கிளம்பி ஆரியங்காவு, செங்கோட்டை வழியாகத் தென்காசிக்கு வரும். காசி விசுவநாதர் கோயிலில் வரவேற்பு. அப்புறம் பண்பொழி, மேக்கரை வழியாக மலையேறி அச்சன்கோவில் போய்ச் சேரும். கேரளத்துச் சாமியின் நகை தமிழ்நாட்டுத் தெருவழியே போகிறது, இரண்டு மாநிலப் போலீசும் துணைக்கு. எங்கள் தெருவில் பெண்கள் சாணம் தெளித்துக் கோலம் போட்டுக் காத்திருப்பார்கள். சிறுவயதில் அந்தப் பெட்டி எங்களுடையது என்றே நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

*

ஆரியங்காவு கோயில் சாலைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. படியிறங்கிப் போக வேண்டும். குளத்துப்புழையில் பாலகன், ஆரியங்காவில் மணக்கோலத்துக்குரிய இளைஞன், அச்சன்கோவிலில் இல்லறத்தான், சபரிமலையில் துறவி. ஒரே சாமியை நான்கு வயதில் நான்கு காட்டில் பார்க்கிறோம். இந்த மலைத்தொடரை ஒரு வாழ்க்கையாக யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அந்த யோசனையின் அழகு நடந்து நடந்துதான் எனக்குப் பிடிபட்டது.

மதுரை சௌராஷ்டிரர்கள் இந்தக் கோயிலுக்குச் சம்பந்திகள். பட்டு வணிகர் ஒருவர் திருவிதாங்கூருக்குச் சரக்கு கொண்டுபோனார். இதற்குமேல் காட்டுவழி பயம் என்று மகள் புஷ்கலையை இங்கே விட்டுப் போனார். அவளைச் சாஸ்தா ஏற்றுக்கொண்டார் என்பது கதை. ஒவ்வொரு மார்கழியிலும் பெண்வீட்டாராக அவர்கள் வருகிறார்கள். பாண்டியன் முடிப்பு என்ற நிச்சயதார்த்தமும் அடுத்து திருக்கல்யாணமும் நடக்கும். எனக்கு அந்தத் தகப்பனின் பயம்தான் நெஞ்சில் நின்றது. இதே காடு. இதே ஏற்றம். அவருக்கு வழிகாட்ட யாரும் இல்லை போலும்.

*

ஆரியங்காவைத் தாண்டிக் கழுத்துருட்டியில் பதின்மூன்று கண் பாலம். கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்து 1904-ல் ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் ரயிலுக்குக் கட்டியது. அகலப்பாதை வேலைக்காக 2010-ல் ரயிலை நிறுத்தி, 2018-ல் திரும்ப விட்டார்கள். நாங்கள் பாலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து அவல் தின்றோம். ரயில் ஒன்று நிதானமாகப் போனது. ஜன்னலிலிருந்து ஒரு கை எங்களைக் கும்பிட்டது.

தென்மலைக்கு அருகே செந்துருணிச் சரணாலயம். செங்குறிஞ்சி மரத்தால் வந்த பெயர். குருசாமி அந்த மரத்தை அறுத்ததே இல்லையாம். “அதைத் தொடக் கூடாதுன்னு சட்டம் சாமி. நல்ல சட்டம்” என்றார். வாள் பிடித்த கையிலிருந்து வந்த சொல்.

புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877-ல் கட்டிய தொங்குபாலம். ஆடும் பலகையில் காட்டு விலங்குகள் கால்வைக்கத் தயங்குமாம். பையன் நடுவில் நின்று குதித்துப் பார்த்தான். குருசாமி திட்டவில்லை.

புனலூருக்குப் பிறகு பத்தனாபுரம், கோன்னி. ரப்பர் தோட்டங்கள், மழை, பாதத்தில் கொப்புளம். நோட்டில் நான் எழுதியது குறைவு. நடந்தோம், சமைத்தோம், விரி போட்டுத் தூங்கினோம். நாலாம் நாளுக்குமேல் யாரும் தேவையில்லாமல் பேசவில்லை. சுக்குத்தண்ணி கொடுத்தவர்களின் முகங்கள் மட்டும் ஞாபகம் இருக்கின்றன.

சன்னிதானத்தில் தேங்காயை உடைத்தார்கள். நெய் உறைந்து வெள்ளையாக அப்படியே இருந்தது. ஏழு நாள் தலைமேல் வந்தும் ஒரு சொட்டுக் கசியவில்லை. நெய் அபிஷேகத்துக்குப் போயிற்று, மூடி ஒன்றை ஆழித் தீயில் போட்டோம். எங்கள் குருசாமிக்கு இது முப்பத்தோராவது வருடம். பதினெட்டாம் வருடம் வழக்கப்படி அவர் நட்ட தென்னங்கன்று பற்றிக் கேட்டேன். “நட்டாச்சு. அவ்வளவுதான் நம்ம வேலை” என்றார்.

*

திரும்பி வந்தது வேனில். கோட்டைவாசலை இரவு கடந்தோம். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அவர் பார்க்கும் சாலையை நானும் பார்த்தேன். திருப்பத்தில் எதுவுமே இல்லை, வெறும் இருட்டு. பத்தடி முன்னால் வந்தபின்தான் ஆட்கள் என்று தெரிந்தது. கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, வெறும் கால். கடைசி ஆள் மட்டும் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு கட்டியிருந்தார். அவரை மட்டும்தான் முன்னமே பார்க்க முடிந்தது.

கார்த்திகை, மார்கழியில் புளியரை வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவர்களே, தயவுசெய்து முகப்பு வெளிச்சத்தைத் தாழ்த்துங்கள், திருப்பத்தில் வேகத்தைக் குறையுங்கள். நடக்கிற சாமிமார்களே, உங்கள் கூட்டத்தில் கடைசியில் வருபவரின் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டிவிடுங்கள். பெரும்பாலும் அவர் உங்கள் குருசாமியாக இருப்பார்.