எங்கே போகலாம் என்று பிள்ளையைக் கேட்டீர்களா?



வாலிப வயதை எட்டுகிற நம்முடைய பிள்ளைகளோடு இரண்டு நாள் வெளியூர் போய்வருவதைப்பற்றி இந்த மாதம் பேசலாம் என்று ஆவியானவர் ஏவினபடியால் எழுதுகிறேன். "பாஸ்டர், டூர் போறதுக்கெல்லாம் ஒரு தேவசெய்தியா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள், பரவாயில்லை. சிரித்துவிட்டு லூக்கா சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து, 41-ம் வசனத்திலிருந்து வாசியுங்கள். நம் ஆண்டவருடைய குழந்தைப் பருவத்துக்கும் முப்பது வயதுக்கும் நடுவே வேதம் நமக்கு விவரித்துக் காட்டுகிற சம்பவம் ஒன்றே ஒன்றுதான். அது என்ன? ஒரு அற்புதமா? இல்லை. ஒரு குடும்பம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பிரயாணம் போன கதை. அல்லேலூயா!

நாசரேத்திலிருந்து எருசலேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். கால்நடையாய்ப் போனார்கள். பண்டிகை முடிந்து திரும்பும்போது, பிள்ளை கூட்டத்தோடே வருகிறான் என்று தாயும் தகப்பனும் எண்ணிக்கொண்டார்கள். ஒரு நாள் முழுக்க நடந்தபிறகுதான், பிள்ளை கூட இல்லை என்று தெரிந்தது. யோசேப்பு நீதிமான். மரியாளோ கிருபை பெற்றவள். அவர்களே அப்படி நினைத்துக்கொண்டு நடந்தார்கள் என்றால், நீங்களும் நானும் எம்மாத்திரம்?

அன்பானவர்களே, இன்றைக்கும் அதுதான் நடக்கிறது. பையன் வீட்டில்தான் இருக்கிறான். அறையில் விளக்கு எரிகிறது, சாப்பாட்டுத் தட்டு காலியாகிறது, ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அவன் மனதால் நம்மைவிட்டு எத்தனை நாள் பிரயாண தூரம் போய்விட்டான் என்று யாருக்குத் தெரியும்? பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிந்ததும் ஹாஸ்டல். அதற்குப்பின் சென்னையோ பெங்களூரோ. உங்கள் கூரையின்கீழ் அவன் இருக்கப்போகிற வருஷங்களை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கையே போதும்.

ஒரு சகோதரி கண்ணீரோடு ஜெபத்துக்கு வந்தார்கள். "பாஸ்டர், கொடைக்கானலுக்கு ரூமெல்லாம் போட்டாச்சு. பதினாறு வயசுப் பொண்ணு வரமாட்டேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. பிடிவாத ஆவிக்கு எதிரா ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். நான் கேட்டேன்: "போறதுக்கு முன்னால அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாம்மா?" கேட்கவில்லை. அப்புறம் அந்தப் பெண்பிள்ளையைக் கேட்டால், கொடைக்கானல்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. கூடவே பெரியப்பா குடும்பமும் வருகிறதாம். வேனில் ஏறினதிலிருந்து இறங்கும்வரை, அண்ணன் எடுத்த மார்க்கையும் இவள் எடுத்த மார்க்கையும் பெரியப்பா தராசில் நிறுத்துக்கொண்டே வருவாராம். இதற்கு ஆவியைக் கட்டவேண்டிய அவசியம் என்ன? பெரியப்பாவிடம் மரியாதையாக, "அண்ணா, இந்தத் தடவை நாங்க மட்டும் போயிட்டு வர்றோம்" என்று சொன்னால் போதுமே!

ஆகையால் முதலாவது பிள்ளைகளைக் கேளுங்கள். சும்மா "எங்க போகலாம்?" என்று கேட்டால் "எங்கேயும் வேணாம்" என்றுதான் பதில் வரும். இல்லாவிட்டால் தோளைக் குலுக்குவார்கள். இரண்டு மூன்று இடங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தூரம், என்ன செலவு என்று சேர்த்து மேஜைமேல் வையுங்கள். "நம்மகிட்ட இருக்கிறது ஐயாயிரம் ரூபாய். இதுக்குள்ள எப்படிப் போயிட்டு வரலாம்னு நீ பார்த்துச் சொல்லு" என்று பொறுப்பைக் கையில் கொடுங்கள். பஸ் நேரம், ரயில் நேரம், தங்குமிடம் எல்லாம் அந்தக் கைபேசியில் நம்மைவிட வேகமாய்த் தேடிவிடுவார்கள். எந்நேரமும் போனா என்று திட்டுகிறோமே, அதே போன் இங்கே குடும்பத்துக்கு ஊழியம் செய்யட்டும். ரயில் டிக்கெட் இப்போது 60 நாளைக்கு முன்புதான் எடுக்க முடியும், 2024 நவம்பரிலிருந்து அப்படி மாற்றிவிட்டார்கள். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் என்று ஒன்று வந்திருக்கிறது. இதையெல்லாம் விசாரித்து எழுதிவைக்கிற வேலை மகளுடையது என்று சொல்லிப் பாருங்கள். "எங்கேயும் வேணாம்" என்ற அதே பிள்ளை மூன்றாம் நாள் உங்களைப் பிடித்துக்கொண்டு கணக்குக் கேட்பாள்.

அடுத்தது, வேகம். ஆதியாகமம் 33-ம் அதிகாரத்தில் ஏசா தன் தம்பி யாக்கோபிடம், சேர்ந்து போகலாம் என்கிறான். யாக்கோபு என்ன பதில் சொன்னான் என்று பாருங்கள். பிள்ளைகள் இளசு, பால் கொடுக்கிற ஆடுமாடுகளும் கூட இருக்கின்றன, ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தையே செத்துப்போகும், நீங்கள் முன்னே போங்கள், நான் இவர்கள் எட்டு வைக்கிற அளவுக்கு மெல்ல வருகிறேன் என்றான். எவ்வளவு புத்தியான தகப்பன்! நம்முடைய தகப்பன்மார் போடுகிற திட்டமோ ஏசாவின் திட்டமாய் இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், முடிந்தால் பிச்சாவரத்தில் படகு, எல்லாம் ஒரே நாளில்! ஒவ்வொரு இடத்திலும் இறங்கு, போட்டோ எடு, ஏறு. சாயங்காலத்துக்குள் அப்பாவுக்குத் தலைவலி, அம்மாவுக்கு இடுப்புவலி, பிள்ளைகள் ஆளுக்கொரு ஜன்னல்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள்.

ஒரே ஒரு இடம் போதும். தஞ்சாவூர்ப் பக்கத்து விசுவாசிகளுக்கு நான் தரங்கம்பாடியைச் சொல்லுவேன். தஞ்சாவூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மயிலாடுதுறை வரைக்கும் ரயிலில் போய், அங்கிருந்து 30 கிலோமீட்டர் பஸ்ஸில் போகலாம். கடல் உண்டு. கடலை ஒட்டி 1620-ல் டேனிஷ்காரர் கட்டத் தொடங்கின கோட்டை உண்டு. ஊருக்குள் நுழைகிற பழைய வாசலும், நேராய்க் கடலுக்குப் போகிற ராஜ வீதியும் உண்டு. கூட்டமும் இரைச்சலும் மலைப்பட்டணங்களைப்போல் இல்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி இந்தக் கரையையும் அடித்தது. அந்த நாளில் பிறந்திராத நம் பிள்ளைகளுக்கு அதை அந்த இடத்தில் நின்று சொல்லலாம்.

அங்கே ஒரு வாலிபனுடைய கதையும் இருக்கிறது. 1706 ஜூலை 9-ம் தேதி சீகன்பால்க் ஐயர் அந்தக் கரையில் வந்து இறங்கினார். ஐயர் என்றதும் பிள்ளைகள் வெள்ளைத்தாடிக் கிழவரை நினைத்துக்கொள்ளுகிறார்கள். 1682-ல் பிறந்தவர் அவர். கணக்குப் போடச் சொல்லுங்கள். காலேஜ் முடித்து வேலை தேடுகிற பையனின் வயசு! ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிச் சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்து எழுதிப் படித்தார். கோட்டை அதிகாரிக்கும் அவருக்கும் ஒத்துப்போகாமல், நாலு மாதம் அங்கே சிறையிலும் இருந்தார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது. 1718-ல் புதிய எருசலேம் ஆலயம். 1719-ல், முப்பத்தாறு வயதில் மரித்து, அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் பண்ணப்பட்டார். இந்தக் கதையைக் கோட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு பத்து நிமிஷத்தில் சொல்லுங்கள், போதும். முக்கால் மணிநேரம் பிரசங்கம் பண்ணாதீர்கள். அதற்கு ஞாயிற்றுக்கிழமை நான் இருக்கிறேன்!

ஞாயிற்றுக்கிழமை என்றதும் ஞாபகம் வருகிறது. "அப்போ ஆராதனை?" என்று பலர் கேட்கிறீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புறப்பட்டு இரவு அங்கே தங்கி, சனிக்கிழமை முழுநாளும் இருந்துவிட்டு, இரவுக்குள் வீடு திரும்பலாம். பாங்கில் வேலைசெய்கிறவர்களுக்கு 2015 முதல் இரண்டாம், நான்காம் சனி விடுமுறை. பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு இருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறும் அங்கேயே தங்கவேண்டி வந்தால், அந்த ஊரில் எந்தச் சபை இருக்கிறதோ அங்கே போய் உட்காருங்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு புது அனுபவம்தான். பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளை இருந்தால் ஜனவரிக்குப்பின் இந்தப் பேச்சே வேண்டாம், தேர்வு முடியட்டும்.

தாய்மாரே, பெண்பிள்ளை வயதுக்கு வந்தவளாயிருந்தால் அவளுக்கு வசதியான தேதியா என்று தனியாகக் கேட்டபிறகு ரூம் போடுங்கள். தாழ்ப்பாள் சரியாய் விழுகிற குளியலறை இருக்கிறதா என்று விசாரியுங்கள். வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள், ஆனால் பாதிப் பிள்ளைகள் "வரலை" என்பதற்கு இதுவே காரணம். தகப்பன்மாரே, சொந்தக் காரில் போகிறவர்கள் இரவெல்லாம் கண்விழித்து ஓட்டாதேயுங்கள். தேவன் தூதர்களை அனுப்புவார் என்பது உண்மை, தூக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லி அவர் அனுப்பவில்லை. கடலில் கால் நனைக்கலாம், இடுப்பளவுத் தண்ணீருக்கு வேண்டவே வேண்டாம். நம் கிழக்குக் கரையில் அலை திரும்பும்போது காலுக்கடியில் மணலை உருவிக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்த பையனையும் இழுத்துவிடும். இருட்டினபின் தண்ணீர்ப்பக்கமே போகக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிள்ளைகளின் யோசனையைக் கேட்கவேண்டாம்.

போனை என்ன செய்வது? பிடுங்கி வைத்துக்கொண்டால் இரண்டு நாளும் யுத்தம்தான். சாப்பாட்டு நேரத்திலும், இரவு ஒன்பது மணிக்குமேலும் எல்லார் போனும் ஒரே பைக்குள் என்று முன்னமே பேசி முடிவெடுங்கள். எல்லார் போனும் என்றால் அப்பாவின் போனும்தான். "ஆபீஸ் கால்" என்று ஒதுங்கிப் போனால் ஒப்பந்தம் முடிந்தது.

வயிற்றையும் மறக்காதீர்கள். இந்த வயதில் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை பசிக்கும். பொடி தடவின இட்லியும் புளிசாதமும் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு வேளை மட்டும் அவர்கள் கேட்கிறதை வாங்கிக்கொடுங்கள், வறுத்த மீனோ பரோட்டாவோ. யோவான் 21-ம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தமாய் வைத்திருந்தார். மறுதலித்துவிட்டு வந்த பேதுருவைக் கேட்கவேண்டிய கேள்வி அவரிடத்தில் இருந்தது. ஆனாலும் எப்போது கேட்டார்? சாப்பிட்டு முடித்தபிறகு! பசியோடிருந்தவனை நிறுத்திவைத்து விசாரிக்கவில்லை.

இதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன். நேருக்குநேர் உட்காரவைத்து "சொல்லு, உன் மனசுல என்ன?" என்றால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. கூட நடக்கும்போது சொல்லும். உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் பிள்ளைகளோடு பேசுவதற்குத் தேவன் குறித்த இடங்களில் வீடும் உண்டு, வழியும் உண்டு. இருட்டுகிற வேளையில் மணலில் காலை நீட்டி, எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "அப்பா, எனக்கு இந்த குரூப் பிடிக்கலை" என்று வரும். "கிளாஸ்ல ஒருத்தன் தினமும் என்னைக் கேலி பண்றான்" என்று வரும். சில சமயம் "ஜெபிக்கும்போது எனக்கு ஒண்ணுமே தோணலைம்மா" என்றுகூட வரும். அந்த நிமிஷம்தான் பெற்றோருக்குப் பரீட்சை. "உனக்கு எவ்வளவு ஃபீஸ் கட்டினேன்" என்று ஆரம்பித்தீர்களோ, கதவு மூடிக்கொள்ளும், அது மறுபடி எப்போது திறக்குமோ தெரியாது. உடனே வசனத்தை எடுத்து வீசவும் வேண்டாம். தேவாலயத்தில் தன் மகன் சொன்ன பதில் மரியாளுக்கு அப்போது விளங்கவில்லை. வேதமே அப்படிச் சொல்லுகிறது. விளங்காததற்காக அவள் சண்டை போட்டாளா? எல்லாவற்றையும் இருதயத்துக்குள் வைத்துக்கொண்டாள். "அப்படியாப்பா... எத்தனை நாளா?" என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவன் சொல்லுவான். ராத்திரி அவன் தூங்கினபின் கணவனும் மனைவியும் முழங்காலில் நின்று அதைக் கர்த்தரிடத்தில் சொல்லுங்கள்.

ஒன்றுமே பேசாமல் திரும்பி வந்தாலும் வருத்தப்படாதீர்கள். சில பிள்ளைகள் முதல் பிரயாணத்தில் நம்மை நோட்டம் பார்க்கிறார்கள், இரண்டாவதில்தான் வாயைத் திறக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்கு அந்தத் தாளை மறுபடியும் மேஜைமேல் வையுங்கள்.

ஞாயிறு காலையில் வெயிலில் கறுத்த முகத்தோடு பிள்ளைகள் சபைக்கு வரட்டும். மூப்பர் யாராவது வாசலில் நிறுத்தி, "என்ன தம்பி, எங்க போயிட்டு வந்தே?" என்று கேட்பார்கள். அவனே பதில் சொல்லட்டும். நீங்கள் குறுக்கே பேசாதிருங்கள்.