நோன்பும் இன்சுலின் ஊசியும்

அஸர் தொழுகை முடிந்துவிட்டது. மஃரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. கை நடுங்குகிறது, நெற்றி வியர்க்கிறது, குளுக்கோமீட்டர் 62 என்று காட்டுகிறது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமலான் வழிகாட்டுதல்படி சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும். ஆனால் இன்சுலின் போடுபவர்களில் பலர் பாங்கு சத்தம் கேட்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பொறுமை இறைவன் கேட்டதுதானா? இல்லை என்றே நினைக்கிறேன். நோன்பைக் கடமையாக்கும் அதே குர்ஆன் வசனங்கள்தாம் நோயாளிக்கும் பயணிக்கும் விலக்குத் தருகின்றன. அல்லாஹ் நாடுவது சிரமத்தை அல்ல, இலகுவையே என்றும் சொல்கின்றன. பசித்திருப்பது எப்படிக் கட்டளையோ, அப்படியே இந்தச் சலுகையும் மார்க்கத்தின் பகுதி. தீராத நோயுள்ளவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஈடாக ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா இருக்கிறது. பசித்தவரின் வயிற்றை நிரப்பும் ஒரு வணக்கத்தை எந்த வகையில் குறைந்தது என்போம்?

உடலை வருத்தினால்தானே நன்மை என்பார்கள். பசி இறையச்சத்துக்கான வழி; மயங்கி விழுவது அதில் சேராது. நபியவர்கள் காலத்தில் தலையில் காயம்பட்டிருந்த ஒருவருக்குக் குளிப்பு கடமையானபோது, தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் தூய்மை செய்யும் தயம்மும் செய்ய அனுமதியில்லை என்று தோழர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபியவர்கள் கோபப்பட்டது கடினமான தீர்ப்பைச் சொன்னவர்கள் மீதுதான். அபூதாவூதில் பதிவான இந்தச் சம்பவத்தை ஒவ்வொரு ஷஅபான் மாதத்திலும் ஜும்ஆ பயானில் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஆபத்து கற்பனையல்ல. 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளை ஆராய்ந்த 2001ஆம் ஆண்டின் எபிடியார் ஆய்வில், முதல் வகை நோயாளிகளில் சுமார் 43 சதவீதமும் இரண்டாம் வகையினரில் சுமார் 79 சதவீதமும் குறைந்தது 15 நாள் நோன்பு வைத்திருந்தார்கள். சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்துபோவது மற்ற மாதங்களைவிட முதல் வகையினரிடம் 4.7 மடங்கும் இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்கும் கூடியிருந்தது.

விலக்கைத் தாராளமாக்கினால் ஆளாளுக்குச் சாக்குச் சொல்வார்கள் என்ற கவலையிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த 79 சதவீதத்தைப் பார்த்தால், நம் மக்கள் சாக்குத் தேடுபவர்களாகத் தெரியவில்லை. நிறுத்த வேண்டிய இடத்திலும் நிறுத்த மனம் வராதவர்களாகவே தெரிகிறார்கள். எல்லோரிடமும் நோன்பு வைக்காதீர்கள் என்று சொல்லும் மருத்துவரும் உதவுவதில்லை. அவருக்குத் தெரியாமல் வைப்பார்கள், ஊசியின் அளவை மாற்றாமலேயே வைப்பார்கள். ஊசி போட்டால் நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து இன்சுலினையே விட்டுவிடுவது அதைவிட மோசம். முதல் வகை நோயாளிக்கு அது உயிருக்கே ஆபத்து. ஊட்டச்சத்து ஏற்றாத ஊசிகளாலும் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதாலும் நோன்பு முறியாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997இலேயே ஜித்தாவில் தீர்மானித்துவிட்டது. சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ள இரண்டாம் வகை நோயாளிகள் சிலர் அளவை மாற்றிக்கொண்டு பத்திரமாக நோன்பு வைக்கவும் முடியும்: இரண்டு வேளை கலப்பு இன்சுலின் போடுபவருக்குக் காலை அளவு இஃப்தாருக்குப் போகும், இரவு அளவு குறைக்கப்பட்டு சஹருக்கு வரும். யாருக்கு எவ்வளவு என்பதை ரமலானுக்கு ஆறெட்டு வாரம் முன்பே மருத்துவரிடம் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். வைக்கக்கூடாது என்று அவர் சொன்னால், ஆலிமும் அதையே மார்க்கத் தீர்ப்பாகச் சொல்ல வேண்டும்.