தோலுக்கா தீட்டு?

1964-இலே நா. வானமாமலை ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுத்து வெளியிட்டார். ஏட்டிலே ஏறாத உழைப்பாளர் பாட்டு அச்சேறிற்று. பின்னர் நாட்டுப்புற இசை வெள்ளித்திரையிலே வீறுநடை போட்டது. பறையைப்பற்றி அமெரிக்க ஆய்வாளர் சோயி ஷெரினியன் 2011-இலே ஆவணப்படமே எடுத்தார். மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இலே பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மகிழ்ச்சி, மெத்த மகிழ்ச்சி! ஆனால் கரவொலி ஓய்ந்தபின் ஒரு கேள்வி எழுகிறதே: கலையைப் போற்றுவோர் கலைஞனைப் போற்றினவர் ஆவரோ?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய தோல் பதனிடும் ஊர்களிலே வாழ்வோருக்கு இக்கேள்வி புதிதன்று. பச்சைத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியிலே ஊறவைத்து மயிரும் சதையும் நீக்குபவன் தாழ்ந்தவனாம். அதே தோல் காலணியாகிக் கப்பலேறினால் அந்நியச் செலாவணியாம்! மிருதங்கத்திலே மாட்டுத்தோல் உண்டு. அது சபையிலே அமர்கிறது. பறையிலும் மாட்டுத்தோல்தான், அது சாவு வீட்டு வாசலிலே நிற்கிறது. தோலுக்கா தீட்டு? அதைச் சுமக்கும் தோளுக்கன்றோ தீட்டு வைத்தனர்! மிருதங்கம் செய்வோரின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020-இலே நூலாக்கினார். வெளியீட்டு விழாவுக்குத் தந்த அரங்கைக் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டது. நாதம் இனிக்கிறது, அது பிறந்த கதை கசக்கிறது போலும்.

தொல்காப்பியம் திணைதோறும் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்தது. பிற்காலமோ அதை ஒரு சாதியின் தோளிலே சுமத்திற்று. அச்சாதியின் பெயரை ஆங்கிலேயர் கொண்டுபோய், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளிலே தம் அகராதியிலே சேர்த்துக்கொண்டனர்.

எனில், பறையைப் போற்றுவதா, தூக்கி எறிவதா? “இனிச் சாவுக்கு அடியோம்” என்று மறுத்தவர் உண்டு. மறுத்ததற்காக உதைபட்டவரும் உண்டு. அதையே விடுதலைக் குரலாக முழக்கும் இளைஞரும் உண்டு. மறுப்பவரைக் கலையின் பகைவர் என்பார் சிலர். என்ன பேதைமை! ஆச்சாரியார் 1953-இலே கொணர்ந்த குலக்கல்வித் திட்டத்தை 1954-இலே வீழ்த்திய தமிழகம், அப்பன் அடித்த பறையை மகனும் அடித்தால்தான் மரபு வாழும் என்று எந்த வாயால் சொல்லும்? வகுப்பறையிலே நிற்கும் நான் சொல்லமாட்டேன். மறுப்பதும் மானம், விரும்பி எடுப்பதும் மானம். ஏவப்பட்டு அடிப்பதிலேதான் இழிவு. அவ்விழிவும் ஏவியவனுக்கே உரியது.

என் ஐயமெல்லாம் கைதட்டுவோர்மீதே. கல்லூரி விழாக்களிலே பல சாதி மாணவரும் பறை பயில்கின்றனர், நல்ல அறிகுறி. அவர்களுள், சொந்த ஊரிலே, சொந்தத் தெருவிலே, தம் பாட்டன் இறந்த நாளன்று தாமே பறையைத் தோளிலே மாட்டத் துணிவோர் எத்தனைபேர்? அன்று வந்த பறையிசைஞனைத் திண்ணையிலே அல்ல, கூடத்திலே அமர்த்தி, உடன் உட்கார்ந்து உண்போர் எத்தனைபேர்?