முற்காலம் ஒளி மிக்கதா?

முன்னோர் நம்மினும் உயர்ந்தோர் என்பதில் நம்மிற் பெரும்பாலோர்க்கு ஐயம் இருப்பதில்லை. மேடைகளிலும் ஏடுகளிலும் அக்காலத்து அறிஞர்களின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறோம். இன்று அத்தகையோர் எங்கே என்று பெருமூச்சு விடுகிறோம். இந்த ஏக்கம் உண்மையைச் சார்ந்ததா, அல்லது நம் பார்வையின் கோளாறா? இதே கேள்வியை வானநூலார் மனிதரைப் பற்றி அல்லாமல் விண்மீன் திரள்களைப் பற்றிக் கேட்டிருக்கின்றனர். அவர்கள் விடை தேடிய முறையில் நமக்குப் பாடம் உண்டு.

நம் சூரியனைத் தன்னுள் கொண்ட பால்வீதி, தட்டு வடிவமான ஒரு விண்மீன் திரள். நமக்கு அண்மையிலுள்ள மற்றொரு பெருந்தட்டு ஆண்ட்ரோமீடா. அதனைச் சிறு மேகம் போன்ற தோற்றமாகத் தம் விண்மீன் நூலில் கி.பி. 964-இல் பதிந்து வைத்தவர், இஸ்ஃபஹானில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி. அவர் கண்ணில் பட்ட ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகள் ஆகியிருந்தன. தொலைவைக் காண்பது என்பது பழமையைக் காண்பதே. ஆனால், எந்தத் திரளும் வளர்வதையோ தளர்வதையோ எவரும் கண்டதில்லை. தொலைவிலுள்ள ஒரு கூட்டத்தை அருகிலுள்ள மற்றொரு கூட்டத்தோடு ஒப்பிட்டே, காலப்போக்கில் மாற்றம் நிகழ்ந்தது என்கிறோம். தாத்தாவை அறியாதவன், வேறொருவருடைய தாத்தாவின் படத்தைப் பார்த்துத் தன் குடும்ப வரலாறு எழுதுவது போன்றது இது.

ஹப்பிள் தொலைநோக்கி 1990-இல் விண்ணேறிய பின்னர், எழுநூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய தட்டுத் திரள்களின் வடிவத்தைத் தெளிவாக அளக்க முடிந்தது. அளந்தவர்கள் வியந்தனர். பழைய தட்டுகள் ஒரே அளவு பரப்பில் இன்றைய தட்டுகளைக் காட்டிலும் இரண்டு, மூன்று மடங்கு மிகுதியாக ஒளிர்ந்தன. முற்காலம் ஒளி மிக்கது என்று தீர்ப்பளித்துவிடலாம் போலிருந்தது.

இங்கேதான் தயக்கம் தோன்றியது. என் மதிப்பிற்குரியது அந்தத் தயக்கமே. விரிந்து செல்லும் பேரண்டத்தில் தொலைவிலிருந்து வரும் ஒளி இயல்பாகவே மங்குகிறது. அலைநீளம் இருமடங்காக நீளும் தொலைவை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஒளித்துகளும் தன் ஆற்றலில் பாதியை இழக்கும். துகள்கள் வந்துசேரும் வேகமும் பாதியாகும். அத்துடன் திரளின் தோற்றப் பரப்பு நான்கு மடங்கு விரிந்து காண்பதால், அதே ஒளி அகன்ற இடத்தில் பரவிக் கிடக்கும். ஆக, பரப்பின் ஒளிர்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதனை டோல்மன் 1930-இலேயே கணக்கிட்டுக் காட்டினார். அப்படியானால், அத்தொலைவில் மங்கலான தட்டு நம் கருவிக்குத் தென்படவே தென்படாது. பளிச்சென்றவை மட்டுமே பட்டியலில் ஏறும். பட்டியலைப் படிப்பவன், அக்காலத்தில் எல்லாமே பளிச்சென்றிருந்தன என்பான்!

அருகிலேயே இவ்வாறு ஏமாந்ததுண்டு. ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமன் 1970-இல் 36 திரள்களை ஆராய்ந்தார். அவற்றுள் 28-இல் தட்டின் மைய ஒளிர்வு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கக் கண்டார். இயற்கையின் விதி ஒன்று கிட்டிவிட்டது என்று பலர் கருதினர். பிரித்தானியாவின் டிஸ்னி 1976-இல் மறுப்பு எழுப்பினார்: இரவு வானத்துக்கே ஒரு மெல்லொளி உண்டு, அதனினும் மிக மங்கிய தட்டுகள் அதில் மூழ்கிவிடும், நாம் கண்டது இயற்கையின் விதியன்று, நம் சல்லடையின் கண்ணளவே என்றார். பத்தாண்டுகள் சென்றபின் 1986-இல் மாலின்-1 என்னும் திரள் அகப்பட்டது. பால்வீதியைக் காட்டிலும் பன்மடங்கு அகன்ற தட்டு அது. அவ்வளவு பெரிய உருவம், நடுவிலுள்ள சிறு ஒளிப்பகுதியை மட்டும் காட்டிக்கொண்டு, அதுவரை நம் கண்முன்னே மறைந்து கிடந்தது.

எனவே, பழைய தட்டுகளைப் பற்றிய வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டது. தென்படாதவற்றுக்கும் கணக்கில் இடம் ஒதுக்கியபோது, மாற்றமே இல்லை என்னும் முடிவுக்கு 1999-இல் ஓர் ஆய்வு வந்தது. பின்னர் 2005-இல் இன்னும் பரந்த அளவையிலிருந்து வேறு முடிவு கிடைத்தது: சல்லடையின் குற்றத்தைக் கழித்த பிறகும், ஏறத்தாழ எண்ணூறு கோடி ஆண்டுகளில் தட்டுகளின் ஒளிர்வு இரண்டரை மடங்கு குறைந்திருக்கிறது. காரணமும் தெளிவு. அன்று வாயு மிகுதி. புதிய விண்மீன்கள் விரைந்து பிறந்தன. இளமையின் நீல ஒளி மிகுந்திருந்தது. விண்மீன் பிறப்பு தணியத் தணிய ஒளியும் தணிந்தது. அளவிலும் மாற்றம் உண்டு: ஒத்த எடையுள்ள தட்டுகளை ஒப்பிட்டால் பழையவை சிறியவை. வாயு பையப்பைய வெளிவிளிம்பில் படிந்து, தட்டுகள் உள்ளிருந்து புறமாக வளர்ந்தன என்பர்.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் நம் முன்னோர் பெருமை வெறும் தோற்றம் என்கிறீரா?" என்று சினந்தார். இல்லை. வானநூலார் முடிவும் அதுவன்றே! ஒளி இருந்தது, நாம் நினைத்த முறையில் நிறுவப்படவில்லை, அவ்வளவே. அஸ்-ஸூஃபியை நாம் அறிவோம். அவர் நூல் நமக்குக் கிடைத்தது. அதே இரவுகளில் அதே நகரத்தில் அவருக்கு விளக்கேற்றியவர், ஏடு படியெடுத்தவர், தவறாகக் கணித்து வெட்கியவர் எவரும் நம் பட்டியலில் இல்லை. இன்றைய தலைமுறையையோ அதன் சோம்பலோடும் பிழையோடும் முழுமையாகக் காண்கிறோம். அங்கே பொறுக்கியெடுத்த பத்துப் பேர். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் உட்பட எல்லோரும். இத்தகைய தராசில் நிறுத்துவிட்டு, நம் பிள்ளைகளைப் பார்த்து நீங்கள் ஒளி குன்றியவர்கள் என்று சொல்லும் துணிவு நமக்கு எங்கிருந்து வருகிறது?

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022-இல் படங்களை அனுப்பத் தொடங்கியதும், தட்டுத் திரள்கள் அரிது என்று கருதப்பட்ட மிகப் பழைய காலத்திலும் அவை ஏராளமாகத் தென்பட்டன. முன்பு அவை இல்லாமற் போகவில்லை. நம் கருவி போதாதிருந்தது. புதிய பட்டியலும் இப்போது எழுதப்பட்டு வருகிறது. அதற்கும் ஒரு சல்லடை உண்டு. அதன் கண்ணளவை முதலில் அளந்துகொண்டுதான் எழுதுகிறார்கள்.