வேடம் தராத வீரம்

சக்தியின்றிச் சிவம் இயங்காது என்பது சைவர்களாகிய நாம் அறிந்த உண்மையாகும். விஜயதசமியன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதி ஆலயங்களில் மானம்பூத் திருவிழாவைத் தரிசிக்கின்றோம். அசுரனைக் குறிக்கும் வாழையை வெட்ட எழுந்தருளும் அம்பாள் ஆண்வேடம் பூணுவதில்லை; அன்னையாகவே போர்க்கோலம் கொள்கின்றாள். மண்ணுலகிலோ, போர்க்களம் புகுந்த பெண்கள் சிலர் தம்மை ஆணென்று மறைத்தே வாழ நேர்ந்தது.

பீஷ்மரால் வாழ்விழந்த அம்பை, மறுபிறவியில் பாஞ்சால மன்னன் துருபதனின் மகள் சிகண்டினியாகப் பிறந்தாள். அவள் பின்னர் ஆணாவாள் என்ற சிவபெருமானின் வரத்தை நம்பிய பெற்றோர், மகன் பிறந்தான் என்றே உலகுக்கு அறிவித்தனர். துரோணரிடம் வில்வித்தை பயிலச் செய்தனர். தசார்ண நாட்டு இளவரசியையும் மணம் முடித்து வைத்தனர். உண்மை வெளிப்பட்டதும் அந்நாட்டரசன் படையெடுக்கத் துணிந்தான். பெற்றோருக்குத் தன்னால் வந்த துன்பம் பொறாத சிகண்டினி, உயிர்விட எண்ணிக் காடு சென்றாள். அங்கே யக்ஷன் ஒருவன் இரங்கித் தன் ஆண்மையை அவளுக்கு அளித்தான். குருக்ஷேத்திரத்தில் பத்தாம் நாள் சிகண்டியை முன்னிறுத்தியே அருச்சுனன் பீஷ்மரை வீழ்த்தினான்.

இது இதிகாசம். வரலாற்றிலும் இத்தகையோர் உளர். ஹன்னா ஸ்னெல் என்ற ஆங்கிலப் பெண்மணி, ஜேம்ஸ் கிரே என்ற ஆண்பெயரில் படையிற் சேர்ந்து, 1748இல் நமது தமிழ் மண்ணான புதுச்சேரியின் முற்றுகையிலே பிரெஞ்சுக்காரரை எதிர்த்து நின்றார். 1750இல் தாயகம் திரும்பிய பின்னரே தாம் பெண்ணென்று வெளிப்படுத்தினார். அதன் பின்பும் அவருக்கு இராணுவ ஓய்வூதியம் வழங்கப்பட்டது.

இவர்களுக்கு வீரத்தைக் கொடுத்தது வேடமா? இல்லை. அடைத்திருந்த கதவை மட்டுமே வேடம் திறந்தது. வீரம் ஆன்மாவுக்குரியது.

மதுரையில் நடந்ததைப் பாருங்கள். வேள்வியில் பெண்மகவு தோன்றக் கண்டு மலயத்துவச பாண்டியன் கவலையுற்றான். மைந்தனுக்குரிய சடங்குகளையே செய்து முடிசூட்டுமாறு அசரீரி ஒலித்தது. தடாதகைப் பிராட்டியார் எதையும் மறைக்காமலே படைக்கலம் பயின்று, முடிசூடி, திக்கெல்லாம் வென்று திருக்கயிலை வரை சென்றார். இறைவன் வேடம் கேட்கவில்லை. மனிதனின் அச்சமே கேட்டது.

2009இல் போர் முடிந்தபின், வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் பெண்கள் தகப்பனின் சுமையையும் தாமே சுமந்து பிள்ளைகளை ஆளாக்கினர். அத்தகைய ஒரு தாயை, கணவனை இழந்தவள் என்று மங்கல காரியங்களில் ஒதுக்கிவைத்துவிட்டு, அம்பாளுக்குப் பட்டுச் சாத்துவதாற் பயனென்ன? அவரையும் முன்வரிசையில் நிறுத்தி ஆரத்தி எடுப்போம். அதுவே அன்னைக்கு உகந்த வழிபாடாகும்.

அம்பாள் திருவடிகளே சரணம்.