ஐந்தாம் சீலமும் துணை நாடுதலும்

பஞ்சசீலம் ஏற்ற ஒருவர், குடிப்பழக்கத்தினின்றும் மீளும் பொருட்டுப் பிறர் துணையை நாடலாமா? தன்னையே தீவாகவும் புகலாகவும் கொண்டு வாழ்க என்று பகவன் புத்தர் அருளிய அறவுரைக்கு அது முரணாகாதா? இவ்வினாவை நம்மிடம் விடுத்தவர், புனேயை அடுத்த நிக்டியில் வாழும் தமிழ் உபாசகர் ஒருவர்.

தொழிற்சாலைப் பணியின் பொருட்டு அங்குக் குடியேறியவர் அவர். நிக்டிக்கு அணித்தே உள்ள தேகு ரோட்டில்தான் 1954ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் புத்தர் திருவுருவை நிறுவினார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அவர் மக்களுக்கு அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் மது அருந்தாமையும் ஒன்று. இத்தகைய மண்ணில் வாழ்ந்தும் நம் உபாசகர் விகாரைக்குச் செல்வதை நிறுத்திவிட்டார். "காலையில் ஐந்தாம் சீலத்தை நாவினால் ஏற்று, மாலையில் மீறுகின்றேன். அதனால் பொய்யாமை என்னும் நான்காம் சீலமும் கெடுகின்றது. ஏற்காதிருப்பதே நேர்மை அன்றோ?" என்றார் அவர். அவ்வுண்மையுணர்வை மெச்சினோமேயன்றி, அவரை மீண்டும் அழைத்தோமில்லை. அது நம் பிழை.

சாகத தேரரின் வரலாற்றை நாம் மறந்தமையே அப்பிழைக்குக் காரணம். கொடிய நாகத்தை அடக்கிய ஆற்றலுடையவர் அத்தேரர். கோசாம்பி நகரத்தார் வீடுதோறும் அளித்த மதுவைப் பருகி, நகர வாயிலில் நினைவிழந்து வீழ்ந்தார். அவ்வழியே வந்த பகவன் அவரைக் கடந்து போகவில்லை. பிக்குகளைக் கொண்டு தூக்கி வரச் செய்தார். மது அருந்துதல் குற்றம் என்னும் விதி அதன் பின்னரே வகுக்கப்பட்டது. அக்குற்றத்திற்குரிய கழுவாய் சங்கத்தினின்றும் நீக்குதல் அன்று. மற்றொரு பிக்குவின்முன் உண்மையை ஒப்புக்கொள்ளுதலேயாம். நாகத்தை வென்றவரையும் மது வென்றது எனின், ஆற்றல் மிக்கவர்க்கும் தூக்கிச் செல்லும் கைகள் வேண்டும் என்பது தெளிவு.

ஒப்புக்கொள்ளுதலால் மீளும் இந்நெறியை ஒத்த முயற்சி ஒன்று 1935ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஆக்ரான் நகரில் தோன்றியது. குடியினால் நலிந்த பில் வில்சன் என்பவரும், பாப் ஸ்மித் என்னும் மருத்துவரும் ஒருவரோடொருவர் உரையாடித் தம் நிலையைப் பகிர்ந்துகொண்டதே அதன் தொடக்கம். ஆல்கஹாலிக்ஸ் அநானிமஸ் என்னும் அவ்வமைப்பின் கூட்டங்கள் இன்று நம் நாட்டின் பல நகரங்களிலும் நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை. குடியை விட வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே சேர்வதற்குரிய தகுதி. குடும்பத்தார்க்கென அல்-அனான் என்னும் தனிக் கூட்டங்களும் உள. புனேயில் மருத்துவர் அனிதா அவச்சட்டும் அனில் அவச்சட்டும் 1986இல் தொடங்கிய முக்தாங்கண் மறுவாழ்வு இல்லமும் இப்பணியில் பெயர் பெற்றது.

நம் உபாசகரின் மனைவியார் முதலில் மருத்துவரை நாடினார். அதுவே முறை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் நேரலாம். உயிருக்கும் ஊறு விளையலாம். சிகிச்சைக்குப் பின் அம்மருத்துவரே கூட்டம் நடைபெறும் இடத்தைக் கூறினார். வாயில்வரை சென்று, தெரிந்தவர் எவரேனும் காண்பரோ என்றஞ்சி இருமுறை திரும்பினார் உபாசகர். மூன்றாம் முறை உள்ளே சென்று அமர்ந்தார். பேச்சு மராத்தியிலும் இந்தியிலும் நிகழ்ந்தது. எவரும் அவரது ஊரையோ சாதியையோ வினவவில்லை. தேநீர் தந்த முதியவர் ஒருவர், நாளையும் வருக என்று மட்டும் கூறினார். அங்குப் பிறர் பேசியவற்றை அவர் நம்மிடம் உரைக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. கேட்டதை வெளியிற் கூறாமையே அக்கூட்டத்தின் உயிர்.

எனினும் ஓர் ஐயம் அவருக்கு எழுந்தது. அவர்தம் பன்னிரு படிகளில் கடவுள் என்னும் சொல் வருகின்றதே, பௌத்தர் என் செய்வது? அவரவர் உணர்ந்தவாறே அச்சொல்லைக் கொள்ளலாம் என்று அவர்களே இடம் தருகின்றனர். நம்மைவிடப் பெரிய துணையாக நாம் தம்மத்தையும் சங்கத்தையும் கொள்ளலாம். நம்பாத ஒன்றை நம்புவதாக உரைக்க வேண்டுவதில்லை. அவ்விடத்து வாளா இருத்தலே வாய்மைக்குப் பொருந்தும்.

இனி முதல் வினாவிற்கு வருவோம். நல்லோர் நட்பு அறவாழ்வில் பாதி என்று ஆனந்தர் கூறியபோது, பாதியன்று, முழுமையும் அதுவே என்று பகவன் திருத்தினார். தன்னையே புகலாகக் கொள்ளுமாறு அருளியவரும் அவரே. இரண்டும் முரணல்ல. நடக்க வேண்டிய கால்கள் தம்முடையவை, வழித்துணையோ பிறர். குடிக்கும் கையைத் தடுப்பவர் குடிப்பவரே. தடுக்கும் வலிமை குன்றிய மாலைப்பொழுதில் அருகிருப்பவர் நண்பர்.

நம் உபாசகர் இடையில் ஒருமுறை தவறினார்; மறுநாளே கூட்டத்திற்கு மீண்டார். சென்ற பௌர்ணமியன்று விகாரைக்கு வந்து, ஐந்து சீலங்களையும் ஏற்றார். சீலம் என்பது வென்றவர் சூடும் மாலை அன்று. வீழ்ந்தவர் பற்றி எழும் கோல். அதை அவர் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தவர் நாமாதலின், தாழ்த்தித் தருவதும் நம் கடன். நம் விகாரைக்கு வாராது நின்றுவிட்டோர் எவரெவர் என எண்ணிப் பார்த்து, அவர்தம் இல்லங்களுக்கு நாமே செல்வோமாக.